வீட்டில் கட்டிய சிஎன்சி ரவுட்டர் ஓட்டத்தில் வரும் கோளாறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேட்டை, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கம் சொந்தமாக சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்கி வெட்டும் மிஷின்) கட்டி ஓட்டுகிற ஆட்கள் இப்போது கூடிவிட்டார்கள். ஃப்ரேம் உள்ளூர் வெல்டிங் பட்டறையில், ரெயிலும் ஸ்க்ரூவும் கோவையிலிருந்தோ ஆன்லைனிலோ, கண்ட்ரோலர் ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள் போட்ட சின்ன போர்டு. கதவுக்குப் பூ வேலை, பூஜையறை ஜாலி, கடைப் பெயர்ப்பலகை என்று வேலையும் வருகிறது. மோட்டார் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் கேள்விகள் வரும். திரும்பத் திரும்பக் கேட்கிறவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணாச்சி, நான் கொடுக்கிற அளவு ஒன்று, மிஷின் வெட்டுவது ஒன்று. எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்க?

மோட்டாரை மாற்றலாமா, ஸ்க்ரூவை மாற்றலாமா என்பதெல்லாம் அப்புறம். முதலில் பிழை எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். ஸ்பிண்டிலின் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதில் மாட்டிய வெட்டும் பிட்டைக் கழற்றி, ஒரு பேனாவைக் கிளாம்பில் இறுக்கமாகக் கட்டுங்கள். பேனா தானே ஆடினால் சோதனை வீண். மேசையில் ஒரு சார்ட் பேப்பரை நான்கு பக்கமும் ஒட்டி 20, 100, 300 மி.மீ. பக்கமுள்ள மூன்று சதுரங்களைப் போடச் சொல்லுங்கள்.

மூன்றிலும் ஒரே அளவு குறைகிறது, உதாரணமாக எல்லாவற்றிலும் 0.4 மி.மீ. என்றால் அது பிளே. ஸ்க்ரூவும் நட்டும் திசை திரும்பும்போது வெறுமனே சுற்றுகிற இடைவெளி. சதுரம் பெரிதாகப் பெரிதாகக் குறைச்சலும் அதே விகிதத்தில் கூடினால் ஒரு மி.மீட்டருக்கு எத்தனை ஸ்டெப் (மோட்டார் ஒரு தடவைக்கு எடுத்துவைக்கிற சின்ன அடி) என்ற கணக்கு தப்பு. முதல் சதுரம் சரியாக வந்து, மூன்றாவது இடம் மாறி விழுந்து, கடைசியில் பேனா தொடங்கிய புள்ளிக்கே வராமல் போனால் மோட்டார் ஸ்டெப்பை விடுகிறது. நான்கு பக்கமும் சரி, மூலைவிட்டம் இரண்டும் சமமில்லை என்றால் எக்ஸ், ஒய் என்ற இரண்டு அச்சுகளும் ஒன்றுக்கொன்று மூலைமட்டத்தில் இல்லை.

வெட்டிப் பார்த்து அளக்காமல் பேனாவைக் கட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 6 மி.மீ. என்று வாங்கிய பிட் உண்மையில் 5.9 இருக்கும். அந்த வித்தியாசமும் எல்லா அளவிலும் ஒரே மாதிரி வரும், பிளே போலவே தெரியும். இல்லாத பிளேயைத் தேடி இரண்டு நாள் போய்விடும்.

வட்டம் போட்டால் முட்டை வருகிறது. ஏன்?

முட்டை எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. எக்ஸ் வாக்கிலோ ஒய் வாக்கிலோ நீண்டிருந்தால் இரண்டு அச்சுகளின் ஸ்டெப் கணக்கு ஒத்துப்போகவில்லை. 45 டிகிரி சாய்வில் நீண்டிருந்தால் கேன்ட்ரி (ஸ்பிண்டிலைத் தாங்கி மேசைக்குக் குறுக்கே நிற்கும் பாலம்) கோணலாக நிற்கிறது. வட்டம் வட்டமாகவே இருந்து, மேலே, கீழே, இடம், வலம் என்று நாலு இடத்தில் மட்டும் சின்னதாகத் தட்டை விழுந்தால் பிளே. வட்டத்தில் ஒவ்வொரு அச்சும் திசை திரும்புகிற இடங்கள் அவைதான்.

கோணலை அளக்க 500 மி.மீ. சதுரம் ஒன்று போட்டு இரண்டு மூலைவிட்டங்களையும் அளவுங்கள். இரண்டும் 707.1 மி.மீ. வர வேண்டும். ஒன்றுக்கும் மற்றதற்கும் 1 மி.மீ. வித்தியாசம் இருந்தால், 500 மி.மீ. நீளத்தில் சுமார் 0.7 மி.மீ. விலகல் இருக்கிறது. கதவுச் சட்டத்தைக் கெடுக்க அதுவே போதும், மூலையில் இடைவெளி காட்டிக் கொடுத்துவிடும்.

ஸ்டெப் கணக்கை எப்படிப் போடுவது? ஸ்கேல் வைத்து அளந்து திருத்தலாமா?

கணக்கு சுலபம். சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவரில் எட்டில் ஒன்று மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரிப்பது) வைத்திருந்தால் 1600. எஸ்எஃப்யு 1605 பால் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும், அதனால் 1600ஐ 5ஆல் வகுத்து 320. டி8 ஸ்க்ரூ என்றால் கொஞ்சம் கவனம்: புரிக்குப் புரி 2 மி.மீ. இருந்தாலும் பொதுவாகக் கிடைப்பது நாலு தொடக்கம் (நாலு புரி பக்கம் பக்கமாக ஓடுவது) உள்ளது, ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. போகும். 1600ஐ 8ஆல் வகுத்தால் 200. ஜிடி2 பெல்ட்டில் பல்லுக்குப் பல் 2 மி.மீ., 20 பல் புல்லி என்றால் சுற்றுக்கு 40 மி.மீ. ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற எம்8 திரெட் ராடு போட்டிருந்தால் சுற்றுக்கு 1.25 மி.மீ. மட்டுமே.

கணக்கில் வந்த எண்ணை அப்படியே போடுங்கள். ஜிஆர்பிஎல்லில் $100, $101, $102 மூன்றும் எக்ஸ், ஒய், மேலும் கீழும் போகிற இசட் அச்சுகளுக்கு. வந்த அளவு பாதியாகவோ இரண்டு மடங்காகவோ இருந்தால் டிரைவரின் சின்ன ஸ்விட்ச் வரிசையை ஒருமுறை பாருங்கள், அங்கேதான் தப்பு இருக்கும். அளந்து திருத்துவது பெல்ட்டுக்கும் மலிவு ஸ்க்ரூவுக்கும் சரிதான். ஆனால் 50 மி.மீ. தூரத்தை வெர்னியரில் அளந்து பால் ஸ்க்ரூவின் எண்ணை 320லிருந்து 321.7 என்று மாற்றினால், பிளேயைத்தான் ஸ்டெப் கணக்குக்குள் ஒளித்து வைக்கிறீர்கள். சின்ன வேலையில் சரியாக வரும், நீளமான வேலையில் கூடுதலாக வெட்டும்.

பிளே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்க?

நட் தேய்ந்திருக்கும் என்று எல்லோரும் நேரே நட்டுக்குப் போவார்கள். புது மிஷினில் நட் கடைசியாகத்தான் பார்க்க வேண்டிய இடம். பவரைப் போட்டு மோட்டார் பிடித்து நிற்கும்படி வைத்துக்கொண்டு, டயல் கேஜை (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கருவி) கேன்ட்ரியில் தொடவிட்டு, கையால் இருபக்கமும் மெதுவாகத் தள்ளுங்கள். முள் ஆடும். அது எந்த இடத்திலிருந்து வருகிறது என்று மோட்டாரிலிருந்து வரிசையாகப் பாருங்கள்.

முதலில் கப்ளிங், அதாவது மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் துண்டு. மோட்டார் தண்டு, கப்ளிங், ஸ்க்ரூ மூன்றுக்கும் குறுக்கே பர்மனன்ட் மார்க்கரில் ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். ஒரு வேலை ஓட்டிய பிறகு கோடு உடைந்திருந்தால் கப்ளிங்கைத் தண்டோடு இறுக்கும் கிரப் ஸ்க்ரூ வழுக்குகிறது. உருண்டைத் தண்டின் மேல் கிரப் ஸ்க்ரூ நிற்காது. தண்டில் அரத்தால் ஒரு தட்டையைப் போட்டு, அதன் மேல் ஸ்க்ரூ உட்காரும்படி இறுக்கி, நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு விடுங்கள். இதை விட நல்லது சுற்றிலும் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் வகைக் கப்ளிங்.

அடுத்தது ஸ்க்ரூவின் முனை பேரிங். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஸ்க்ரூ சுற்ற வேண்டுமே தவிர முன்னும் பின்னும் போகக் கூடாது. அதைப் பிடித்து நிறுத்த ஒரு முனையில் பிகே12 மாதிரி நிலையான பேரிங் பிளாக் வேண்டும், பின்னால் உள்ள நட்டை இறுக்கியிருக்க வேண்டும். அந்த பிளாக் இல்லாமல் ஸ்க்ரூவை நேரே மோட்டாரோடு கோத்துவிட்டால், சுருள் வெட்டு வெட்டிய அலுமினியக் கப்ளிங் ஸ்பிரிங்காக இழுபட்டுச் சுருங்கும். மோட்டாரின் தண்டும் உள்ளே கொஞ்சம் நகரும். ஸ்க்ரூ முனையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வேறொருவரை கேன்ட்ரியைத் தள்ளச் சொல்லுங்கள், நகர்ந்தால் விரலுக்கே தெரியும்.

மூன்றாவது நட்டைப் பிடித்திருக்கும் பிராக்கெட். 3 மி.மீ. தகட்டை வளைத்துச் செய்த பிராக்கெட் வளைந்து கொடுக்கும், அதுவும் முள்ளில் பிளே போலத் தெரியும். இத்தனையும் சரி என்றால் நட். டி8 பித்தளை நட் என்றால் ஸ்பிரிங் வைத்த, பிளேயைத் தடுக்கும் ஆன்டி-பேக்லாஷ் நட்டோ டெல்ரின் பிளாஸ்டிக் நட்டோ போடலாம்.

மென்பொருளிலேயே பிளேயைச் சரிக்கட்ட முடியாதா?

மாக்3, லினக்ஸ்சிஎன்சி என்ற கண்ட்ரோல் மென்பொருள் இரண்டிலும் அதற்கு வசதி உண்டு. வழக்கமான ஜிஆர்பிஎல்லில் இல்லை. இருந்தாலும் பேனாவுக்கு உதவுகிற அளவுக்கு பிட்டுக்கு உதவாது. பிட் மரத்தைக் கடிக்கும்போது அந்த இடைவெளிக்குள் கேன்ட்ரியை இழுத்துக்கொள்ளும். பிளே இருக்கிற மிஷினில் பிட் தன்னையே முன்னே இழுத்துக்கொள்ளும் கிளைம்ப் கட்டிங்கை விட்டுவிட்டு, பிட் எதிர்த்துத் தள்ளும் கன்வென்ஷனல் முறையில் வெட்டினால் இந்த இழுப்பு குறையும், சரிசெய்கிற வரை அப்படி ஓட்டலாம்.

வேலை நடுவில் திடீரென்று டிசைன் நகர்ந்து விழுகிறது.

ஸ்டெப் போகிறது. ஆனால் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து பாருங்கள், பாதி விடை அதில் கிடைக்கும். ஸ்டெப்பர் திணறி விடும்போது நாலு முழு ஸ்டெப்பின் மடங்காகத்தான் விடும், மோட்டாரின் காந்த அமைப்பு அப்படி. 1605 ஸ்க்ரூவில் அது 0.1 மி.மீ.யின் மடங்கு, டி8ல் 0.16, 20 பல் பெல்ட்டில் 0.8. பெல்ட் மிஷினில் நகர்வு சரியாக 2, 4, 6 மி.மீ. என்று இருந்தால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள், பெல்ட் பல் தாண்டியிருக்கிறது, இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் 0.03, 0.05 என்று போனால் திணறல் காரணமில்லை, அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

திணறுவதற்குக் காரணம் நாலைந்து. பொதுவானது ஆக்சிலரேஷன். ஸ்பீடைக் குறைத்துப் பார்ப்பார்கள், ஆக்சிலரேஷனை யாரும் தொடுவதில்லை. ஜிஆர்பிஎல்லில் $120 முதல் $122 வரை. முதலில் பாதியாக்கி ஓட்டிப் பாருங்கள். கனமான கேன்ட்ரி நகரத் தொடங்குகிற நொடியில்தான் மோட்டாருக்குப் பாரம் அதிகம்.

இரண்டாவது வேகம். ஸ்டெப்பரின் பலம் நிற்கும்போது அதிகம், சுற்று ஏற ஏற இறங்கிக்கொண்டே போகும். மோட்டார் டப்பாவில் எழுதியிருக்கிற எண் நிற்கும்போது உள்ள பலம். 12 வோல்ட் சப்ளையில் நெமா 23 அளவு மோட்டாரை வேகமாக ஓட்டப் பார்த்தால் கத்திவிட்டு நிற்கும். அதே மோட்டாரும் டிரைவரும் 36 வோல்ட்டில் நன்றாக ஓடும். டிரைவர் தாங்குகிற உச்ச வோல்ட்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டிரைவரில் கரண்டும் மோட்டார் தட்டில் எழுதியதற்கு ஏற்ப இருக்க வேண்டும். மோட்டார் தொட்டால் சுடுகிறது என்று கரண்டைக் குறைத்துவிட்டு ஸ்டெப் போகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டெப்பர் சுடத்தான் செய்யும்.

மூன்றாவது, சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிற ஊர்களில் வருவது. ஸ்பிண்டிலாகக் கையில் பிடித்து ஓட்டும் சின்ன ட்ரிம் ரவுட்டரை மாட்டியிருப்பீர்கள். வோல்டேஜ் இறங்கினால் அதன் சுற்று குறையும், ஒவ்வொரு பல்லும் அதிக மரத்தைக் கடிக்கும், கேன்ட்ரி மோட்டார் திணறும். காலையில் ஓடிய அதே ஃபைல் இரவில் நகர்ந்து விழுவதற்கு இதுவும் காரணம். பனங்கட்டையிலும் முதிர்ந்த வேங்கையிலும் இன்னும் சீக்கிரம் தெரியும்.

மீதி எல்லாம் இறுக்கம். ரெயில் எங்கோ பிடிக்கிறது. அதற்குத் தனியாகக் கீழே பதில் இருக்கிறது.

மரமே இல்லாமல் வெறும் காற்றில், மெதுவாக ஓட்டினாலும் ஒரே பக்கமாக விலகிக்கொண்டே போகிறது. இறுக்கமும் இல்லை.

அருமையான கோளாறு இது, மெக்கானிக்கல் போலவே நடிக்கும். நேர்கோடுகள் சரியாக வரும், முன்னும் பின்னும் ஆயிரம் முறை போய்வருகிற செதுக்கு வேலையில் மட்டும் விலகும். டிரைவர் ஸ்டெப் பல்ஸின் (ஒரு ஸ்டெப் எடு என்று கண்ட்ரோலர் அனுப்பும் மின் துடிப்பு) எந்த விளிம்பில் எண்ணுகிறது என்பதும் கண்ட்ரோலர் எந்த விளிம்பில் கொடுக்கிறது என்பதும் ஒத்துப்போகவில்லை. திசை மாறுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு மைக்ரோஸ்டெப் தப்பான பக்கம் விழுகிறது. 1605 ஸ்க்ரூவில் ஒரு மைக்ரோஸ்டெப் 0.003 மி.மீ.தான். ஆயிரம் திருப்பத்தில் 3 மி.மீ. ஆகிவிடும். ஜிஆர்பிஎல்லில் $2 என்ற எண்ணை மாற்றி ஸ்டெப் பல்ஸைத் தலைகீழாக்கிப் பாருங்கள்.

ஆழம் போகப் போக அதிகமாகிறது. இசட் மோட்டார் ஸ்டெப் விடுகிறதா?

முதலில் பிட்டைப் பாருங்கள். வேலை தொடங்குமுன் காலெட்டுக்கு (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) வெளியே பிட் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து எழுதிவைத்து, முடிந்ததும் மறுபடி அளவுங்கள். மேல்நோக்கித் தூளை வாரும் சுருள் பிட் வெட்டும்போது தன்னைத்தானே கீழே இழுத்துக்கொள்ளும். காலெட்டில் தேக்குத்தூளும் பிசினும் ஒட்டியிருந்தால் வழுக்கி இறங்கும். காலெட்டைக் கழற்றி தின்னரில் கழுவித் துடைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பிட் நகரவில்லை என்றால் இசட் ஸ்க்ரூ. 8 மி.மீ. லீடு (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) உள்ள டி8 கனமான ஸ்பிண்டிலைத் தானாகத் தாங்காது, மோட்டார் கரண்ட் நின்றவுடன் இறங்கும். ஜிஆர்பிஎல்லில் $1 ஐ 255 ஆக வைத்தால் மோட்டார் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும். 2 மி.மீ. லீடு உள்ள ஸ்க்ரூ போட்டால் இந்தப் பேச்சே இல்லை.

ஒய் அச்சில் இரண்டு மோட்டார். கேன்ட்ரி கோணிக்கொள்கிறது.

பவர் இல்லாதபோது யாராவது ஒரு பக்கத்தைத் தட்டியிருப்பார்கள், அல்லது ஒரு மோட்டார் மட்டும் திணறி நின்றிருக்கும். இரண்டு பக்கமும் ஃப்ரேமில் உறுதியான ஸ்டாப்பர் வையுங்கள். தினமும் பவர் போடுமுன் கேன்ட்ரியை இரண்டு ஸ்டாப்பரிலும் முட்டும்வரை இழுத்து நிறுத்திவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள். ஸ்டாப்பரை மூலைவிட்டச் சோதனை வைத்துச் சரிசெய்திருந்தால் இது போதும்.

கேன்ட்ரி ஒரு முனையில் லேசாகவும் மறுமுனையில் இறுக்கமாகவும் நகர்கிறது.

ஸ்க்ரூவை நட்டிலிருந்து விடுவித்துவிட்டு, கேன்ட்ரியை ஒரு விரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தள்ளுங்கள். இப்போதும் பிடித்தால் ரெயில். இப்போது லேசாக ஓடினால் ஸ்க்ரூ.

ரெயில் என்றால், பெரும்பாலும் வெல்டிங்கின் கைவரிசை. நம் பட்டறைகளில் சதுரக் குழாயை அருமையாக ஒட்டுவார்கள், ஆனால் ஒரே பக்கமாக ஓட்டி வெல்டு போட்டால் ஆறும்போது அந்தப் பக்கம் இழுக்கும். இரண்டு மீட்டர் குழாயில் ஓரிரு மி.மீ. வளைவு கண்ணுக்குத் தெரியாது, ரெயிலுக்குத் தெரியும். முதலில் எல்லா மூலையிலும் புள்ளியாக டேக் வெல்டு போட்டு, பிறகு எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஏற்கனவே வளைந்திருந்தால், ரெயில் உட்காரும் பரப்பை மில்லிங் செய்யக் கொடுக்கலாம். அல்லது மெல்லிய தகட்டுத் துண்டுகளை ஷிம்மாக வைத்து, இறுக்கி இழுத்துக் கட்டிய மீன்பிடி நரம்பை ஒட்டி நேராக்கலாம். ரசமட்டம் மட்டும் வைத்து ரெயிலை நேராக்க முடியாது, அது அவ்வளவு நுணுக்கமாகக் காட்டாது.

ஒரு ரெயிலை நேராக்கி முழுதாக இறுக்குங்கள், அதுதான் மூலம். இரண்டாவதன் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, கேன்ட்ரியை மாட்டி, முனையிலிருந்து முனைக்கு நகர்த்திக்கொண்டே, கேன்ட்ரி நிற்கிற இடத்தில் உள்ள போல்ட்டை மட்டும் இறுக்கிக்கொண்டு போங்கள். ரெயில் தானாகத் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எஸ்பிஆர் உருளை ரெயில் சின்னப் பிழையை மன்னிக்கும். எச்ஜிஆர் சதுர ரெயில் மன்னிக்காது. விலை அதிகம் என்று எச்ஜிஆர் வாங்கி வளைந்த குழாயில் மாட்டினால் எஸ்பிஆரை விட மோசமாக ஓடும்.

ஸ்க்ரூ என்றால் அதே முறைதான். நட் பிராக்கெட்டைத் தளர்த்தி, கேன்ட்ரியை ஸ்க்ரூ முனை பேரிங்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அங்கே இறுக்குங்கள். மறுமுனைக்குக் கொண்டுபோய் அந்த முனை பேரிங் பிளாக்கைத் தளர்த்தி, தானாக உட்காரவிட்டு இறுக்குங்கள்.

நீளமான ஸ்க்ரூ வேகத்தில் அதிர்கிறது.

கயிற்றாட்டக் கயிறு போல நடுவில் வீசும். தாங்கும் சுற்று ஸ்க்ரூவின் தடிமனுக்கு நேராகக் கூடும், நீளத்தின் இருமடிக்குக் குறையும். நீளம் இரண்டு மடங்கானால் தாங்குகிற சுற்று கால் பங்குதான். ஒரு மீட்டருக்கு மேல் டி8 போடாதீர்கள். 8 அடி கதவுக்கு மிஷின் கட்டுகிறவர்கள் நீளவாக்குக்கு ரேக் பினியன் (பல் சட்டமும் பல்சக்கரமும்) போடுவதே நல்லது.

வெட்டிய பரப்பில் வரிவரியாகப் படி தெரிகிறது.

எல்லாப் படியும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் ஸ்பிண்டில் செங்குத்தாக இல்லை, ஷிம் வையுங்கள். அலையலையாக இருந்தால் இசட் தகடு வளைகிறது. நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும், பிட்டுக்கும் அதே கணக்கு. தேவைக்கு மேல் பிட்டை நீட்டாதீர்கள்.

தன் சுற்றைத் தானே எண்ணிச் சரிபார்க்கும் குளோஸ்டு லூப் மோட்டார் போட்டால் எல்லாம் சரியாகுமா?

ரெயில் பிடிக்கிற மிஷினில் போட்டால் அலாரம் அடித்து நிற்கும், அவ்வளவுதான். பிளேயை அது பார்க்கவே பார்க்காது, எண்ணுவது மோட்டார் தண்டில்தான்.

நம் ஊர் வெயிலும் உப்புக்காற்றும் மிஷினை என்ன செய்யும்?

சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே காலைக்கும் மதியத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம் வந்தால், ஒரு மீட்டர் அலுமினியம் 0.46 மி.மீ. நீளும், இரும்பு 0.23. இரும்பு ஃப்ரேமில் அலுமினிய கேன்ட்ரியை இரண்டு எச்ஜிஆர் ரெயிலுக்கு நடுவே இறுக்கமாகக் கட்டியிருந்தால் மதியம் பிடிக்க ஆரம்பிப்பது இதனால்தான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அடியில் போட்ட எம்டிஎஃப் பலகை ஈரம் குடித்து உப்பும். ஆழம் இடத்துக்கு இடம் மாறும், அதற்கு இசட்டைக் குறை சொல்லி லாபமில்லை. பலகையை மறுபடி சீவிவிடுங்கள். தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கம் என்றால் ரெயிலில் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு தினமும் வேண்டும், ஒரு வாரம் விட்டால் துரு ஏறும். ரெயில் மேல் ஓடும் பால் பிளாக்குக்குள் கிரீஸ் போடுங்கள். திறந்த டி8 ஸ்க்ரூவில் கிரீஸ் பூசாதீர்கள், மரத்தூள் சேர்ந்து அரைக்கிற பசையாகிவிடும். மெல்லிய எண்ணெய் போதும்.

ஆடி மாசம் மட்டும் மிஷின் சும்மாவே நடுவில் நிற்கிறது. எல்லையைத் தொட்டால் நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச் அடித்துவிட்டதாகச் சொல்கிறது, ஆனால் எதுவும் தொடவில்லை.

குற்றாலத்தில் சாரல் அடிக்கிற அந்தக் காலத்தில் நெல்லையில் வெறும் காற்றுதான், காய்ந்த காற்று. தூள் உறிஞ்சுகிற பிளாஸ்டிக் குழாயில் மரத்தூள் உரசி ஓடும்போது நிலைமின்சாரம் ஏறி, பக்கத்தில் போகிற லிமிட் வயருக்குப் பாயும். குழாய்க்குள் ஒரு வெறும் செம்புக் கம்பியை நீளத்துக்கும் விட்டு எர்த்தில் சேருங்கள். லிமிட் வயரை ஷீல்டு வயராக மாற்றி, ஷீல்டைக் கண்ட்ரோலர் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். ஸ்பிண்டில் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள். அதற்கு முன், வீட்டு எர்த்தில் உண்மையிலேயே எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.